எண்பது சைஸ்

அத்தியாயம் பதினான்கு

இதனால் திருப்பூர் நல்லூருக்கும், நல்லூரைச் சுற்றியுள்ள சந்துகளுக்கும், அந்தச் சந்துகளில் ஓயாமல் ஓடும் நிட்டிங் மெஷின்களுக்கும், அவற்றின் முதலாளிகள், தொழிலாளிகள், நூல் ஏஜெண்டுகள் ஆகிய சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மூளைக்காய்ச்சலில் காலமான மயில்சாமி என்னும் சிறுவன், வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிந்து, தன் தகப்பனார் திருமூர்த்தி அவர்களின் இல்லத்து ஹாலில், ஸ்ரீலஸ்ரீ ஆத்மசஞ்சார சுவாமிகளின் திருவாய் வழியாகப் பேசுவான். பேச்சு முடிந்ததும் சாப்பாடு உண்டு.

இதை மஞ்சள் தாளில் நோட்டீஸாகவே அடித்துவிடலாம் என்றுதான் பொங்கியண்ணன் சொன்னான். அவன் அக்கா குழந்தையம்மாள்தான் தடுத்தாள்.

"நோட்டீஸ் அடிச்சா மைக் செட்டும் கட்டோணும்ப. அப்பொறம் சாமி பேசுதா, மைக் கொய்யுங்குதான்னு ஒருத்தருக்கும் தெரியாது. கம்முனு இரு."

சுவாமிகளைக் கண்டுபிடித்த பெருமை பொங்கியண்ணனைச் சேரும். சென்ற மாதம் சென்னையிலிருந்து திரும்பும்போது ரயிலில் அகப்பட்டார். சுவாமிகளின் சரீரம் மேல் பர்த்தில் ஏற மறுத்தது. பொங்கியண்ணன் தன் கீழ் பர்த்தை விட்டுக்கொடுத்தான். பதிலுக்குச் சுவாமிகள் மேலுலகத்தோடு தொடர்பு ஏற்படுத்தித் தருவதாக வாக்களித்தார். சேலம் வருவதற்குள் அக்கா வீட்டுக் கதை முழுவதையும் பொங்கியண்ணன் சொல்லி முடித்திருந்தான். ஈரோடு வருவதற்குள் சுவாமிகளுக்கு அதெல்லாம் ஞானதிருஷ்டியில் தெரியவும் ஆரம்பித்துவிட்டது.

திருமூர்த்தி சாதாரணமாக இந்த மாதிரி விஷயங்களுக்கு மசிகிற ஆள் இல்லை. ஆனால் மகன் விஷயத்தில் அவர் கணக்கே வேறு. பையன் போன நாளிலிருந்து அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் அவன் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக, பழைய பனியன் கம்பெனிக்கு 'ஸ்ரீ மயில் எக்ஸ்போர்ட்ஸ்' என்று பெயர் மாற்றி, ரோட்டில் போகிற பஸ்ஸுக்குத் தெரியும்படி ஆறடி உயர எழுத்தில் போர்டு வைத்தார். லேபிளில் தோகை விரித்த மயில். அதைப் பார்த்துவிட்டு ஜெர்மனிக்காரன் ஒருவன், வான்கோழி படம் நன்றாக இருக்கிறது என்று ஃபேக்ஸ் அனுப்பினான். திருமூர்த்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. தொழிலில் ஏற்பட்ட அவமானம் என்று ஊர் நினைத்தது. குழந்தையம்மாளுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பையனுடைய திதி.

குழந்தையம்மாள் குளித்து, சேலை கட்டி, மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது திருமூர்த்தி பட்டு வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டி. வயிற்றுக்கும் அதற்கும் ஒத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது.

"எங்க பொறப்பட்டுட்ட, அம்மிணி?"

"வருசா வருசம் எங்க போவனோ அங்கதானுங்க. அவிநாசிக்கு."

"இன்னிக்குத்தான் அவனே இங்க வாரான்னு சொல்றாங்களே."

"வந்தா இருக்கச் சொல்லுங்க. மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன்."

'அவன்' என்று தான் சொல்லிவிட்டதே திருமூர்த்திக்குப் பெரிய வேலையாக இருந்தது. துண்டைச் சரிசெய்துகொண்டு, "இன்னிக்கு ஒரு நாளைக்கு இரு," என்றார். உத்தரவாகத் தொடங்கிய வாக்கியம்தான். முடியும்போது வேறு மாதிரி முடிந்தது. குழந்தையம்மாள் பையைக் கீழே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பொங்கியண்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். வாழைத்தார், பூமாலை, சிங்கப்பூர் டேப் ரிக்கார்டர், காலி கேசட்டுகள், எல்லாம் ஒரே ஸ்கூட்டரில்.

"அக்கா, எல்லாம் பக்காங்க. சாமி கோயமுத்தூர்ல இருந்து டாக்சி ஏறிட்டாரு. ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டிருக்காரு."

"என்ன கண்டிசன்?"

"அந்தத் தகரப் பொட்டி."

குழந்தையம்மாள் உள்ளே கட்டில் இருந்த அறைப் பக்கம் பார்த்தாள்.

"பையனோட பழைய துணியெல்லாம் கட்டிலுக்கடீல வெச்சிருக்கியே, அதான். அதுதான் அவன மேல போக விடாம புடிச்சு வெச்சிருக்குதாம். ஓமம் வளத்தி, கடைசீல பொட்டியோட தீயில சேத்தோணுமாம். பந்தம் எரிஞ்சாத்தான் ஆத்மா பறக்குமாம். கிளியரன்ஸ் மாதிரீக்கா. பேப்பர் கிளியர் ஆகாம கப்பல் போகுமா?"

"பொட்டி இருக்கறது சாமிக்கு எப்படீடா தெரியும்?"

"ஞானதிருஷ்டி," என்றான் பொங்கியண்ணன், வாழைத்தாரைப் பார்த்தபடி. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தப் பெட்டியைத் தூக்கி நகர்த்தியது அவன்தான்.

திருமூர்த்தி மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "எடுத்து வெச்சிரு, அம்மிணி. அவன் நல்ல எடத்துக்குப் போகோணுமில்ல."

குழந்தையம்மாள் பின்பக்கம் போய், சந்தைத் தாண்டிக் கம்பெனிக்குள் நுழைந்தாள்.

கம்பெனியில் அன்று மதியம் இரண்டு மணி நேரம் மெஷினை நிறுத்துவதாக ஏற்பாடு. ஆயுத பூஜைக்கும் கரண்ட் கட்டுக்கும் தவிர நிற்காத மெஷின்கள். செக்கிங் மேஜையில் நஞ்சம்மாள் மட்டும் ஒரு பனியனை விரித்து, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூல் பிசிறைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்து வெச்சிருக்கேனுங்க," என்றாள். "இந்த வருசம் எண்பதுன்னு சொன்னீங்களே, சரிதானுங்களா? போன வருசம் எழுபத்தஞ்சுதான் எடுத்தீங்க."

"பெரிய லீவுக்குப் பொங்கியண்ணன் பையன் வந்தான் பாரு, சென்னியப்பன். ரெண்டு பேரும் ஒரே வாரத்துல பொறந்தவங்க. அவன் முதுகு விரிஞ்சு போச்சு. எண்பது வேணும்."

நஞ்சம்மாள் பனியனை மடித்துக் கொடுத்தாள். எட்டு வருஷமாக இந்தக் காரியத்தில் கூட்டாளி அவள் ஒருத்திதான்.

பொங்கியண்ணன் நினைப்பது போல அந்தத் தகரப் பெட்டியில் பழைய துணி ஒன்றுகூட இல்லை. பையன் போட்டிருந்ததையெல்லாம் அப்போதே காரியத்தோடு கொடுத்தாகிவிட்டது. பெட்டியில் இருந்தவை புதுப் பனியன்கள். பையன் கடைசியாகப் போட்டது அறுபது சைஸ். அடுத்த திதிக்குக் குழந்தையம்மாள் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று எடுத்தாள். அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. ஒவ்வொரு வருஷமும் ஒன்றை எடுத்துப் பையில் போட்டு, பஸ் ஏறி, அவிநாசி போய்ச் சாமி முன்னால் வைத்து எடுத்து வருவாள்.

அவிநாசிக் கதை கொங்கு நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். இரண்டு பிள்ளைகள் குளிக்கப் போனார்கள். ஒருத்தனை முதலை விழுங்கியது. வருஷங்கள் கழித்து, பிழைத்தவன் வீட்டில் பூணூல் கல்யாணம், மேளம். எதிர்வீட்டில், இருந்திருந்தால் நம் பிள்ளைக்கும் இந்த வயசு என்று அழுகை. அந்தப் பக்கம் வந்த நாயனார் பாடினார். முதலை வந்தது, பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது.

ஊரெல்லாம் இந்தக் கதையில் முதலை பிள்ளையைத் திருப்பிக் கொடுத்ததைத்தான் பெரிய அதிசயமாகச் சொல்லும். குழந்தையம்மாளுக்கு அது பெரிதாகப் படவில்லை. திருப்பித் தரும்போது போன வயசில் தரவில்லை, இடையில் போன வருஷங்களின் வளர்த்தியையும் சேர்த்துத் தந்தது என்பதுதான் அவள் மனதில் நின்றது. விழுங்கின முதலைக்கே பிள்ளையை வயிற்றில் வைத்து வளர்க்கத் தெரிந்தபோது, சாமிக்குத் தெரியாதா? தன் மகன் திரும்பி வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு விவரமில்லாதவள் இல்லை. அவன் எங்கேயோ சரியாக வளர்ந்துகொண்டிருக்கிறான், அந்த அளவு தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பனியன் கம்பெனிக்காரிக்கு அளவு தெரிந்தால் ஆள் தெரிந்த மாதிரி.

"பொட்டிய எரிக்கோணுமாம், நஞ்சி."

நஞ்சம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள். "இந்த ஊர்ல வெச்சா? பஞ்சும் துணியும் கெடக்கற எடத்துல பொட்டியோட தீ வெக்கறதா? பீடி பத்தவெச்சாலே வாட்ச்மேன் கையைப் புடிக்கறான்."

"தீக்குப் பயமில்ல. அவரு மூஞ்சியப் பாத்தேன். அவருக்கு அந்தச் சாமி வேண்டியிருக்குது. அதான் ரோசனையா இருக்குது."

சுவாமிகள் வந்தார். ஹாலில் சோபாவின் மேல் புலித்தோல் படம் அச்சடித்த பெட்ஷீட் விரித்திருந்தது. அதில் அமர்ந்தபோது புலி காணாமல் போயிற்று. ஒறம்பரையாக வந்த சொந்தபந்தமெல்லாம் கீழே ஜமுக்காளத்தில். சாயப்பட்டறைக்காரர் ஒருவர், தன் மாமியாரையும் கூப்பிட முடியுமா என்று விசாரித்துவிட்டு, பதில் வருவதற்குள், "வேண்டாமுங்க, இருக்கட்டும்," என்றும் சொல்லிவிட்டார். தகரப் பெட்டி ஓம குண்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் எடுத்ததையும் உள்ளே போட்டு, குழந்தையம்மாளே கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பொங்கியண்ணன் டேப் ரிக்கார்டரை அழுத்தினான்.

சுவாமிகள் கண்ணை மூடினார். தாடி நடுங்கிற்று. வயிற்றின் ஆழத்திலிருந்து ஒரு கீச்சுக் குரல் புறப்பட்டது.

"அப்பா..."

திருமூர்த்தி ஆடிப்போனார்.

"அப்பா, நான் மயில்சாமி வந்திருக்கிறேன். நம் வீட்டைப் பார்க்க எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது."

கொங்குப் பிள்ளை 'ஊடு' என்று சொல்வதை, குரல் 'வீடு' என்று சொன்னது. எட்டு வருஷத்தில் மேலுலகத்தில் பையனுக்குத் தமிழ் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழந்தையம்மாள் இதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, வாயைத் திறக்கப் போனவள் கணவனைப் பார்த்தாள்.

திருமூர்த்தி அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லை. தலையில் கட்டியிருந்த பரிவட்டம் நழுவி ஒரு காதின் மேல் தொங்க, கண்ணீர் மீசையில் இறங்கி, பட்டு வேட்டியில் சொட்டியது. அதைத் துடைக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. வாய் மட்டும் 'மயிலு, மயிலு' என்று அசைந்தது. எட்டு வருஷமாக அந்த வாயில் வராத பெயர்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பொய்க் குரல்தான். ஆனால் கண்ணீர் பொய்யில்லை. பசித்தவன் சாப்பிடும்போது இது யார் வீட்டுச் சோறு என்று கேட்கக்கூடாது. சாப்பிடட்டும் என்று விட்டாள்.

குரல் நெடுநேரம் பேசியது. இங்கே எல்லாம் வெளிச்சம் என்றது. பசியில்லை என்றது. பள்ளிக்கூடம் இல்லை என்றது. அதைக் கேட்டு ஒறம்பரையில் இரண்டு குழந்தைகள் நிமிர்ந்து உட்கார்ந்தன. பிறகு, மூலனூரில் இருக்கும் முருங்கைத் தோப்பில் தன் பெயரால் ஒரு தியான மண்டபம் எழுப்பிச் சுவாமிகளின் பாதத்தில் சமர்ப்பிக்க வேண்டும் என்றது. மூலனூர்த் தோப்பு குழந்தையம்மாளுக்கு அவள் அப்பன் கொடுத்தது. அவள் தம்பி பக்கம் திரும்பினாள். தம்பி குனிந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டேப் ரிக்கார்டரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அதையும் விட்டாள்.

"அம்மா," என்றது குரல் இப்போது. "அந்தப் பெட்டியை நெருப்பில் போடு, அம்மா. என் உடுப்புகள் என்னைக் கட்டி வைத்திருக்கின்றன."

குழந்தையம்மாள் பெட்டியின் மூடிமேல் கையை வைத்தாள்.

"கண்ணு," என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது, கட்டிங் மாஸ்டரிடம் கேட்பது போல. "உன்ற பனியன் என்ன சைஸ்னு சொல்லு."

சுவாமிகள் இமை இடுக்கால் பொங்கியண்ணன் பக்கம் பார்த்தார். பொங்கியண்ணன் தலையைச் சொறிவது போல ஒரு கையின் ஐந்து விரலோடு இன்னொரு விரலைச் சேர்த்துக் காட்டினான்.

"அறுபது, அம்மா."

"அறுபது பத்தாது, கண்ணு. உனக்கு இப்பப் பதினாறு வயசு."

ஹாலில் யாரோ இருமினார்கள். சுவாமிகளின் ஒரு கண் மட்டும் திறந்தது. அதன் பார்வை இந்த உலகத்தில்தான் இருந்தது.

"தாயே, ஆத்மாவுக்கு வயது கிடையாது."

"சரிங்க. அப்பொறம் எதுக்குங்க சாமி எட்டு வயசுக் கொரல்ல பேசறீங்க?"

சுவாமிகள் தொழில் தெரிந்தவர். எழுந்து போய்விடவில்லை. கண்ணை மறுபடி மூடி, தொண்டையைச் செருமி, பதினாறு வயதுக் குரலுக்கு முயன்றார். அது மீசை முளைக்கிற வயதின் குரல். பாதி மேலே நிற்கும், பாதி கீழே விழும். 'அம்மா' என்ற சொல்லின் முதல் எழுத்து கீச்சென்று புறப்பட்டு, இரண்டாவது எழுத்து கியர் மாறாத லாரியாக உறுமி நின்றது.

வாசற்படியோரம் நின்ற நஞ்சம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னாள். "சாமிக்கு நடுவால தையல் விட்டுப்போச்சு."

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்வரிசைக்கு வந்தது. திருமூர்த்தி எழுந்ததும் நின்றது.

அவர் முகத்தில் கண்ணீர் காயவில்லை. மனைவியின் முன்னால் வந்து நின்றார். எட்டு வருஷம் கழித்துக் கிடைத்த குரலை இவள் இரண்டு கேள்வியில் பறித்துவிட்டாள் என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. குழந்தையம்மாள் அதைப் படித்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

"கையை எடு, அம்மிணி."

"இது எரியாதுங்க. நான் இருக்கற வரைக்கும் எரியாது."

"நான் எரிக்கறேன்னு சொல்லல. பாக்கோணும். அப்படி என்னத்த நீ வெச்சிருக்கீன்னு பாக்கோணும்."

அவள் கையை எடுத்தாள். அவர் மூடியைத் திறந்தார். அழுக்குச் சட்டையும் கிழிந்த டவுசரும் எதிர்பார்த்த கை, மொடமொடப்புக் கலையாத பனியனைத் தொட்டு நின்றது.

"இதென்ன, புதுசு?"

"ஆமாங்க."

அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். திருப்பூரில் யார் கையில் பனியன் கிடைத்தாலும் முதலில் செய்கிற காரியத்தைத்தான் அவரும் செய்தார். கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் திருப்பித் தையல் பார்த்தார். பிறகுதான் சைஸ் பார்த்தார்.

"இது அறுபத்தஞ்சு." அடுத்ததை எடுத்தார். "இதும் அறுபத்தஞ்சு." மேலும் எடுத்தார். "எழுபது." கை மெதுவாயிற்று. "இது எப்ப எடுத்தது?"

"அவன் எட்டாவது படிக்கறப்ப."

மயில்சாமி மூன்றாவதுக்கு மேல் படிக்கவில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். திருமூர்த்திக்கும் தெரியும். அவர் அந்தப் பனியனை மடியில் வைத்துக்கொண்டு ஓம குண்டத்தின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பிறகு பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததை எடுத்தார். இன்றைக்குக் காலையில் நஞ்சம்மாள் மடித்தது.

"இது எண்பது."

"ஆமாங்க. இந்த வருசத்துது."

"பத்தாது."

"எண்பது தாராளமாப் போதுமுங்க. சென்னியப்பனுக்கே எண்பதுதான்."

"சென்னியப்பன் உங்கட ஊட்டு வாகு. பதினாறு வயசுல நான் எண்பத்தஞ்சு போட்டவன்."

"உங்க வாகு அவனுக்கு எங்க வந்துச்சு? அவன் எங்கப்பன் சாடை. ஒல்லி. ஒசரமா வருவான், அகலம் வராது."

"கால் பாத்தியா அவனுக்கு? பொறந்தப்பவே டாக்டரம்மா சொன்னாங்களா இல்லியா, பையன் பெரிய ஆளா வருவான்னு?"

"கால வெச்சு ஆருங்க பனியன் எடுப்பாங்க?"

"அன்பர்களே," என்று சுவாமிகள் கையை உயர்த்தினார். "ஆத்மா என்பது..."

"சித்த கம்முனு இருங்க சாமி," என்றார் திருமூர்த்தி, திரும்பிப் பார்க்காமல். "சைஸ் பேசீட்டிருக்கறோம்."

பேசினார்கள். அவன் கீரையைத் தின்னாமல் தட்டுக்கடியில் ஒளித்ததைப் பேசினார்கள். அந்த லட்சணத்தில் எண்பத்தைந்து எங்கே வரும் என்றாள் அவள். நூல் சுற்றிய கோனை உருட்டிக் கார் ஓட்டியதைப் பேசினார்கள். எட்டு வருஷமாக அந்த வீட்டில் பேசாத பேச்சு முழுவதும், தோள் அகலம், கை நீளம், நெஞ்சுச் சுற்றளவு என்று வந்து விழுந்தது. சண்டை போலத்தான் இருந்தது. ஒறம்பரை ஒவ்வொருவராக எழுந்து சாப்பிடப் போனார்கள். ஓமம் தானாக அணைந்தது. பொங்கியண்ணனின் கேசட் டக்கென்று முடிந்தது. மாற்றிப் போட அவனுக்குக் கை வரவில்லை.

"காரை எடுக்கச் சொல்லட்டுமா?" என்றார் திருமூர்த்தி கடைசியில். "அவிநாசி போலாம்."

வழியில் கம்பெனி வாசலில் காரை நிறுத்தி, "ஒரு நிமிசம்," என்று இறங்கினார். ஒரு காகிதக் கவரோடு திரும்பி வந்தார். கவரின் மேல் பேனாவில் எண்பத்தைந்து என்று எழுதியிருந்தது. குழந்தையம்மாள் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பை அவர் பார்க்க வேண்டாம் என்று.

அவிநாசியில் கூட்டமில்லை. கல்லில் செதுக்கிய முதலை வாயைப் பிளந்திருக்க, அதற்குள்ளிருந்து பிள்ளை வெளியே வந்துகொண்டிருந்தான், நூற்றாண்டுகளாக வந்துகொண்டிருப்பது போலவே. வழக்கமாக எந்தக் கோயிலுக்குப் போனாலும் திருமூர்த்தி முதலில் தர்மகர்த்தாவைத் தேடுவார், தம் பெயர் எந்த டியூப் லைட்டில் எழுதியிருக்கிறது என்று பார்ப்பார். இன்றைக்கு ஒன்றையும் தேடவில்லை. அங்கேயே நின்றார்.

"எத்தன வருசமா வர்ற?"

"மொத வருசத்துல இருந்துங்க."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல."

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அவள் எண்பதைக் கீழே வைத்தாள். அவர் எண்பத்தைந்தைக் கவரோடு பக்கத்தில் வைத்தார். அவள் வழக்கமாகக் கும்பிடுவது சிறிது நேரம்தான். என் கணக்குச் சரிதானா, சாமி? அவ்வளவுதான் கேட்பாள். சரி என்று தோன்றும். எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இன்றும் கேட்டாள். இன்றும் தோன்றியது. சந்தேகமில்லாமல், வெயில் முதுகில் படுவது போல, எங்கோ ஒரு பையன் நன்றாக இருக்கிறான் என்று தோன்றியது.

கண்ணைத் திறந்தபோது திருமூர்த்தி இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையின் கல் தலையை, எட்டி, உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். "மயிலு," என்றார். பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுகிற சத்தத்தில்.

அவர் திரும்பும்வரை அவள் காத்திருந்தாள்.

வீடு திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. பொங்கியண்ணன் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, சாமி சாப்புட்டுட்டுக் கெஸ்ட் ரூமுல படுத்திருக்காரு. மனசு நெம்பக் கஷ்டமாப் போச்சாம். ஒரு மண்டலம் இங்கயே தங்கித் தோஷம் கழிக்கறேன்னு சொல்றாரு. அப்பொறம் அந்தத் தோப்பையும் ஒருக்காப் பாக்கோணுமாம்."

"தோப்பு இருக்கறது சாமிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஞானதிருஷ்டிதான்க்கா."

"மூலனூர்னு ஊர்ப் பேரோடயா?"

பொங்கியண்ணன் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

"நாளைக்கு நானே சாமியத் தோப்புக்குக் கூட்டீட்டுப் போறேன்," என்றாள் குழந்தையம்மாள். "நீயும் வா. அந்தக் கேசட்டையும் எடுத்துட்டு வா. வழியில முழுசாப் போட்டுக் கேக்கலாம்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. டேப்பை அவன் அழுத்தியது சுவாமிகள் வந்தவுடனா, பேசத் தொடங்கிய பிறகா என்பது அவனுக்கே இப்போது சரியாக நினைவில்லை. அதற்கு நடுவில் சுவாமிகளும் அவனும் காதோடு காதாக என்னென்ன பேசினார்கள் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

குழந்தையம்மாள் உள்ளே போனாள். தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில், பழைய இடத்தில் இருந்தது. நஞ்சம்மாள் கொண்டுவந்து வைத்திருப்பாள். பனியன்களைத் திரும்ப அடுக்கினாள். எண்பதை வைத்தாள். திருமூர்த்தி வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "பையன் எண்பத்தஞ்சு வருவான். பாத்துக்கிட்டே இருங்க."

இருக்கட்டும், கொஞ்சம் லூசாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுக்கொடுத்தாள். கவரைப் பிரித்தாள். பழக்க தோஷத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அக்குளுக்குக் கீழே ஊசி உடைந்து விழுந்த ஓட்டை. கழுத்துப் பட்டி கோணல். செக்கிங்கில் கழித்துப் போட்ட குவியலில் அவசரமாக எடுத்திருக்கிறார்.

பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

அது செகண்ட்ஸ் பீஸ்.